மார்க் குறைந்தால் வாசல் மூடுமா?

(வடலூரில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மார்க் நிறைய எடுத்த பிள்ளையின் வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். அதைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு வழி காட்ட ஊரே இருக்கிறது. மார்க் குறைந்த பிள்ளையின் வீட்டுக்கு வாருங்கள். அங்கே மூன்று பேச்சுகள் தொடங்கும். ஒன்று, "நாளையிலிருந்து கடையில் உட்கார்." இரண்டு, "பாஸ்போர்ட் எடு, மாமாவிடம் சொல்லி விசாவுக்கு ஏற்பாடு செய்கிறேன், சபர் போய் விடு." மூன்றாவது பேச்சு கொஞ்சம் வசதியுள்ள அத்தாமார்களுடையது. "எந்தக் காலேஜில் எவ்வளவு டொனேஷன், விசாரி."

நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "இந்த மார்க்கை வைத்துக் கொண்டு, நாட்டிலேயே மிகக் கடினமாக இடம் கிடைக்கிற பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க முடியுமா?"

கேட்டால் சிரிப்பார்கள். உள்ளூர்க் கல்லூரியிலேயே இடம் இல்லாதவனுக்கு டெல்லியா, ஐ.ஐ.டி.யா என்பார்கள். சிரிக்கட்டும். இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கியதால் நாம் இழந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை யாரும் கணக்கெடுத்ததில்லை. 'முடியும்' என்று ஒரே சொல்லில் ஆசை காட்டி உங்களை அனுப்பி வைக்கவும் நான் வரவில்லை. எந்த வாசல் மார்க்கைக் கேட்கிறது, எந்த வாசல் வேறொன்றைக் கேட்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைத் தான் இன்று பார்க்கப் போகிறோம்.

திருக்கோவிலூருக்கு வந்த நோட்டுப் புத்தகம்

1910ஆம் ஆண்டு. கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் திருக்கோவிலூர். அங்கே துணை கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரைத் தேடி ஓர் இளைஞர் வருகிறார். வயது 22. கேட்க வந்தது, தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை. கையில் பட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கிறது.

அவர் தான் கும்பகோணத்து ராமானுஜன்.

இன்று அவர் பெயரைச் சொன்னாலே கணித மேதை என்கிறோம். அன்று அவர் மார்க் என்ன தெரியுமா? 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. கல்லூரியும் போயிற்று. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. இன்றைய பிளஸ் டூவுக்கு ஏறத்தாழ இணையான தேர்வு அது. 1907இல் தனித் தேர்வராக மீண்டும் எழுதினார். மீண்டும் தோல்வி! அவர் விட்டு வந்த கும்பகோணம் கல்லூரிக்கு அந்நாளில் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பட்டப் பெயர் வேறு. அந்தக் கேம்பிரிட்ஜ் அவரை வைத்துக் கொள்ளவில்லை. கடல் கடந்த அசல் கேம்பிரிட்ஜ் பிறகு அவரைக் கப்பல் அனுப்பி அழைக்காத குறையாக அழைத்துக் கொண்டது.

ராமசாமி ஐயர் அந்த நோட்டைப் புரட்டினார். குமாஸ்தா வேலை கொடுக்கவில்லை! இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைத்தால் இந்த அறிவு அங்கேயே மக்கிப் போகும் என்று கருதி, சென்னையிலுள்ள கணித அன்பர்களிடம் அனுப்பி வைத்தார். அவர்கள் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அறிமுகமானார். ராவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பச் சந்தித்த பிறகு, "உனக்கு என்ன தான் வேண்டும்?" என்ற கேள்விக்கு வந்தார். சோற்றுக் கவலை இல்லாமல் கணக்குப் போட நேரம் வேண்டும் என்பது தான் அந்த இளைஞரின் தேவை. ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். வியாபாரப் பெருமக்களே, இந்த 25 ரூபாயை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் உங்களிடம் வருவேன்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அதே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியிருந்தார். பலனில்லை. மூன்றாவது கதவைத் தட்டினார்.

அந்தக் கடிதத்தின் தொடக்கத்தைத் தான், விண்ணப்பம் எழுதப் போகிற ஒவ்வொரு தம்பியும் கவனிக்க வேண்டும். தாம் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் துறைமுகக் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு தமக்கு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறார். மறைக்கவில்லை. அழவுமில்லை. குடும்பக் கஷ்டத்தை விவரிக்கவில்லை. அடுத்த பக்கங்களில் தாம் கண்டுபிடித்த கணித முடிவுகளை அடுக்குகிறார். ஏறத்தாழ 120 முடிவுகள்!

இங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தான் என்பது விதி. இவரோ எஃப்.ஏ.யில் இரண்டு முறை தோற்றவர். வானிலை ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் அந்த நோட்டைப் பார்த்து விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். விதி வளைந்தது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை. அடுத்த ஆண்டு மார்ச் 17ஆம் தேதி கப்பல் ஏறினார். டிரினிட்டி கல்லூரி அவரைச் சேர்த்துக் கொண்டது. 1916இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

உடனே "நானும் ஃபெயில், நானும் ராமானுஜன்" என்று எந்தத் தம்பியும் எழுந்து நிற்க வேண்டாம்! ஃபெயிலானதால் அவர் உயரவில்லை. ஃபெயிலானதால் அவர் இழந்தவை தான் அதிகம். வேலையும் இல்லாமல் வயிற்றுக்கும் இல்லாமல் அலைந்த ஆண்டுகள் அவை. 32 வயதில் மறைந்த மனிதருக்கு அந்த ஆண்டுகள் சின்ன நஷ்டமா? அவருக்கு வாசல் திறந்ததற்குக் காரணம் வேறு. மார்க் சொல்லாத ஒன்றை எடுத்துக் காட்ட அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது. அந்த நோட்டைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் அது போய்ச் சேர்ந்தது. உங்கள் மார்க் குறைவா? சரி. உங்கள் நோட்டு எங்கே?

எந்த வாசல் எதைக் கேட்கிறது?

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வடலூரில், 1867இல் ராமலிங்க அடிகளார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. வருகிறவன் யார், என்ன ஜாதி, என்ன படித்தான் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட இடமல்ல. அது கேட்கும். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. நம் மக்கள் ஏமாறுவது இங்கே தான்.

முதலில் மூடியிருக்கும் வாசலைச் சொல்லி விடுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு முழுக்க முழுக்க பிளஸ் டூ மார்க்கை வைத்தே நடக்கிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டு விட்டது. அது கிராமத்துப் பிள்ளைகளுக்கு நன்மை செய்த சட்டம். கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் கிண்டிக்குப் போக அது வழி செய்தது. ஆனால் தேர்வு நேரத்தில் டைபாய்டு வந்து படுத்தவனுக்கு அந்த முறையில் இன்னொரு தராசு கிடையாது. ஆகவே 200க்கு 140 வாங்கிக் கொண்டு கிண்டி கனவு காண்பதில் பயனில்லை.

அதற்காகப் பொறியியலே முடிந்து போயிற்றா? இல்லை. பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுத்தவர்கள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோவை நல்ல மார்க்கில் முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கைக்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. அங்கே தராசில் ஏறுவது டிப்ளமோ மார்க். பிளஸ் டூவில் பட்ட அடி அங்கே வராது. "பாலிடெக்னிக்கா?" என்று முகம் சுளிக்கும் அத்தாமார்கள், பல லட்சம் கொட்டிப் பெயர் தெரியாத கல்லூரியில் சேர்த்து, நான்கு வருடம் கழித்து அரியரோடு திரும்பி வரும் பிள்ளையையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஐ.ஐ.டி. பி.டெக். பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ஜே.இ.இ. மட்டும் பாஸ் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், அல்லது அந்த வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 பர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 65 சதவீதம். நமக்கு ஓ.பி.சி. என்று அதில் தளர்வு கிடையாது. கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்த இந்த விதி 2023இல் திரும்ப வந்து விட்டது. இது தெரியாமல் இரண்டு வருடம் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது கண்ணைத் திறந்து கொண்டே கிணற்றில் விழுவது.

இப்போது திறந்திருக்கும் வாசல்களுக்கு வருவோம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 2021 வரை அங்கே பிளஸ் டூ மார்க் தான் எல்லாம். அந்த ஆண்டு சில கல்லூரிகளில் சில பாடங்களுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு தெரியுமா? 100 சதவீதம்! 99 வாங்கியவனுக்கும் இடமில்லை. 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. சி.யு.இ.டி. என்பார்கள். அன்றிலிருந்து டெல்லியில் ரேங்க் போடுவது அந்தத் தேர்வு மார்க். பிளஸ் டூவில் தேர்ச்சி இருந்தால் தேர்வு எழுதலாம். இருவர் சமமாக வந்தால் மட்டும் பிளஸ் டூ மார்க்கைப் பார்ப்பார்கள். டெல்லி, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், காசி இந்து பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு, நமக்குப் பக்கத்தில் திருவாரூரில் 2009 முதல் இயங்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் இந்தத் தேர்வின் வழியே இளங்கலைப் படிப்புகளுக்கு ஆள் எடுக்கிறது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் டெல்லி ஜாமியாவிலும் சில படிப்புகளுக்கு இதே தேர்வு, மற்றவற்றுக்கு அவர்களே நடத்தும் தேர்வு.

இந்தப் பொது நுழைவுத் தேர்வு கூடாது என்று 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமே தீர்மானம் போட்டது, நீங்கள் அதை எழுதச் சொல்கிறீர்களே என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. நுழைவுத் தேர்வுகள் கோச்சிங் வியாபாரத்தை வளர்க்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் எதிர்ப்பது ஒரு வேலை, இருக்கிற வாசலில் நுழைவது இன்னொரு வேலை. தீர்மானத்தைக் காரணம் காட்டி நம் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

கணக்கில் மட்டும் கெட்டி, மற்றப் பாடங்களில் சறுக்கல் என்று சில பிள்ளைகள் இருப்பார்கள். ராமானுஜன் ரகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இவர்களுக்காகவே சென்னையை அடுத்த சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. உலகமே மதிக்கும் இடம். நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? அங்கே நுழைவுத் தேர்வு தான் அளவுகோல். கேள்விகள் மனப்பாடத்துக்கு அடங்காது, யோசித்துப் போட வேண்டும். கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இளங்கலைப் புள்ளியியல், கணிதப் படிப்புகளுக்குத் தன் தேர்வையே தராசாக வைத்திருக்கிறது.

அடுத்து, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பு. ஜே.இ.இ. கிடையாது. பிளஸ் டூ தேறியவர் எந்த வயதிலும் சேர முயலலாம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணக்கும் படித்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களுக்கு நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தேறினால் இடம். வகுப்பு இணையத்தில், தேர்வு மட்டும் நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரே, இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கடையைக் கவனித்துக் கொண்டே படிக்க நினைக்கும் தம்பிமார்களும் கேளுங்கள். ஆனால் இது வளாகத்தில் தங்கிப் படிக்கும் பி.டெக். அல்ல. இரண்டும் ஒன்று என்று ஊரில் சொல்லிக் கொண்டு திரிய வேண்டாம். சேர்வது சுலபம், தேறுவது கஷ்டம் என்ற ரகப் படிப்பு இது.

சட்டம் படிக்க விரும்புகிறவர்கள் கிளாட் தேர்வைப் பாருங்கள். பிளஸ் டூவில் 45 சதவீதம் இருந்தால் போதும், மற்றது தேர்வில். திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். மருத்துவத்தைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். நீட்டில் பிளஸ் டூ மார்க் ரேங்குக்கு வராது என்பது உண்மை. ஆனால் அங்கே நெரிசல் வேறு விதமானது. அதற்குத் தனிக் கூட்டம் போட வேண்டும்.

மதரஸாவில் ஓதிய தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. லால்பேட்டையிலும் மற்ற ஊர்களிலும் ஆறேழு ஆண்டு ஓதி ஆலிம் பட்டம் பெற்று விட்டு, "எங்களிடம் மார்க் ஷீட்டே இல்லை" என்று ஒதுங்கி நிற்கிறீர்கள். அலிகரில் 2013 முதல் மதரஸா மாணவர்களுக்கென்றே ஓராண்டு இணைப்புப் படிப்பு நடத்துகிறார்கள். ஆங்கிலமும் மற்றப் பாடங்களும் சொல்லிக் கொடுத்து, பல்கலைக்கழகப் பட்டப் படிப்புக்குத் தயார் செய்கிறார்கள். உங்கள் மதரஸாவின் ஸனதை அவர்கள் ஏற்றிருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் நிர்வாகிகளிடம் சொல்லி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வருடா வருடம் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு ஒரு விண்ணப்பம் போடத் தெரியாதா?

ஓர் ஆண்டு வீணா?

"இதற்கெல்லாம் தயாராக ஓர் ஆண்டு போய் விடுமே" என்பார்கள். போகட்டும்! ஐன்ஸ்டைன் 1895இல் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வு எழுதினார். கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாகச் செய்தார், பொதுப் பாடங்களில் தோற்றார். வயது 16. என்ன செய்தார்? பக்கத்தில் ஆராவ் என்ற ஊரில் பள்ளியில் சேர்ந்து ஓராண்டு படித்தார். 1896இல் அதே பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். ஓராண்டு பொறுத்துப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து "சும்மா இருக்கிறான்" என்று பேசும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் தான் இந்தப் பேச்சு அதிகம் வரும்.

கல்லூரி முடித்து, சி.ஜி.பி.ஏ. 6க்கும் 7க்கும் இடையில் வைத்துக் கொண்டு மேற்படிப்புக்கு ஏங்கும் பட்டதாரிகளும் இங்கே இருக்கிறீர்கள். உள்நாட்டில் எம்.டெக். என்றால் கேட் மதிப்பெண் தான் முக்கியம். பல இடங்களில் பட்டப் படிப்பில் 60 சதவீதம் குறைந்தபட்சமாகக் கேட்பார்கள், அதைத் தாண்டி விட்டால் கேட் பேசும். ஐ.ஐ.எம். பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள். பல ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க்கையும் தோண்டி எடுத்து எடை போடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எடை அல்ல. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றின் தேர்வு முறையையும் படியுங்கள்.

வெளிநாடு என்றால், அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு 4க்கு 3 என்று ஒரு கோடு கிழித்திருக்கின்றன. ஆனால் அங்கே கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நீங்கள் செய்த வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிறார்கள். இங்கே தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். கட்டுரையில் ஒரு பக்கம் முழுக்கக் குறைந்த மார்க்குக்குச் சமாதானம் எழுதுகிறார்கள். இரண்டு வரி போதும். மூன்றாம் செமஸ்டரில் அத்தாவுக்கு ஆபரேஷன், கடையை நான் பார்த்தேன், மார்க் இறங்கியது, ஐந்தாம் செமஸ்டரிலிருந்து ஏறியிருக்கிறது. அவ்வளவு தான். பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்கு வாருங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பிரின்ஸ்பாலிடம் ஓடாதீர்கள். பெரிய முத்திரை குத்தி "நல்ல பையன்" என்று எழுதித் தருவார். ஆய்வுக்கூடத்தில் உங்கள் பக்கத்தில் நின்று நீங்கள் வேலை செய்ததைப் பார்த்த ஆசிரியரிடம் வாங்குங்கள். வாக்கர் வானிலைத் துறைக்காரர். ஆனால் நோட்டைப் பார்த்திருந்தார். அதனால் தான் அவர் கடிதம் பேசியது.

மார்க் ஷீட்டைத் திருத்தித் தருகிறேன், அனுபவச் சான்றிதழ் செய்து தருகிறேன் என்று ஏஜெண்டுகள் வருவார்கள். அவர்களைக் கடை வாசற்படி ஏற்றாதீர்கள். பிடிபட்டால் அந்த ஒரு பல்கலைக்கழகத்தோடு போகாது, விசாவும் போகும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் சீட் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு என்று எவனாவது சொன்னால் அவன் திருடன். அங்கே டொனேஷன் என்ற பேச்சே கிடையாது.

வியாபாரப் பெருமக்களுக்கு

சான்றிதழ் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் குழப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2007இல் நாம் பெற்ற 3.5 சதவீத இட ஒதுக்கீடு தமிழ்நாடு அரசின் சேர்க்கைகளுக்கு. மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே ஓ.பி.சி. 27 சதவீதத்தில் தான் வர வேண்டும். தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் ராவுத்தர், மரைக்காயர் உட்பட லெப்பைகள் இருக்கிறார்கள். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், முன்னேறிய பிரிவினர் அல்லர் என்று தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் வராது, வியாபார வருமானம் வரும். நெய்வேலியில் சம்பளம் வாங்குகிறவருக்கும் கடலூரில் கடை வைத்திருக்கிறவருக்கும் கணக்கு வேறு வேறு. ஆகவே உங்கள் கணக்குப் புத்தகத்தை நேராக வைத்துக் கொள்வது உங்கள் பிள்ளையின் படிப்புக்கும் நல்லது!

இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் தமிழ்நாடு அரசு 7.5 சதவீதம் தனியாக ஒதுக்கியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் மகன் போகிறான் என்று பாதியில் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளிக்கு மாற்றியவர்கள் அந்த வாசலைத் தாங்களே சாத்திக் கொண்டார்கள்.

இப்போது அந்த 25 ரூபாய்க்கு வருகிறேன். ராமச்சந்திர ராவ் ராமானுஜனுக்கு எந்தக் கல்லூரியிலும் இடம் வாங்கித் தரவில்லை. டொனேஷன் கட்டவில்லை. உட்கார்ந்து யோசிக்க நேரத்தை வாங்கிக் கொடுத்தார். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாமல் நின்றபோது அவர் சகோதரி ஜொஹ்ரா நகையை அடகு வைத்துக் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து விட்டு, தனக்கு வேண்டிய படிப்பு இது அல்ல என்று உணர்ந்து இரண்டாவது வாசலைத் தேடியவர் அவர்.

பரங்கிப்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் ஒரு கடைக்காரர் ஒரு பிள்ளையின் ஓராண்டை ஏற்றுக் கொள்ள முடியாதா? டெல்லிக்குத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கு ரயில் டிக்கெட், புத்தகம், இணைய இணைப்பு, மாதம் ஒரு சிறு தொகை. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் ஒரே ஒரு சீட்டுக்குக் கொட்டும் பணத்தில் பத்துப் பிள்ளைகளின் ஓராண்டு ஓடி விடும். பணத்தை விட முக்கியமானது ஒன்று உண்டு. நோட்டைப் புரட்டிப் பார்க்கும் ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அஸருக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிற நேரத்தில் வாரம் ஒரு நாள் இந்தப் பிள்ளைகளோடு உட்காருங்கள். எவன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணக்குப் போடுகிறவனா, படம் வரைகிறவனா, கம்ப்யூட்டரில் எதையாவது செய்து வைத்திருக்கிறானா? மார்க் ஷீட்டில் அது வராது. நீங்கள் பார்த்துச் சொன்னால் தான் வெளியே வரும்.

கடைசியாகத் தேதி விஷயம். இது தான் நம் பிள்ளைகளை அதிகமாக வீழ்த்துவது. நாம் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு தான் கல்லூரி தேடக் கிளம்புகிறோம். பொது நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே வந்து முடிந்து விடுகிறது. சிறுசேரிக்கும் கொல்கத்தாவுக்கும் அப்படித் தான். முடிவு வருவதற்கு முன்பே, மார்க் என்னவென்று தெரியாத நிலையிலேயே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு மட்டும் ஆண்டுக்கு மூன்று முறை வாய்ப்பு உண்டு. ஜாதிச் சான்றிதழும் ஓ.பி.சி. சான்றிதழும் தாலுகா ஆபீஸில் நாளாகும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலேயே அதற்கு எழுதிப் போடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்று இரவே வீட்டில் எடுத்துப் பாருங்கள். நம் பெயர்களில் ஒரு 'ஹெச்' கூடிக் குறைந்தே பாதி விண்ணப்பங்கள் சிக்கிக் கொள்கின்றன.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி வெகு நேரமாகக் கை தூக்கிக் கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.